கம்பி அறுந்தபின் களம் என்ன ஆகும்?

ஆடுகளத்தில் இறங்கி ஆடுபவனுக்கு வேண்டியவை உடல் வலிமையும் பயிற்சியும் தோழர் துணையும் என்பதை யாவரும் அறிவோம். அவ்வாட்டத்தைத் தொலைவில் இருந்து காண்போருக்கு வேண்டியது யாது? தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று போதும் என்பீர்கள். ஆனால், அப்பெட்டிக்குப் படம் வந்து சேர ஒரு வழி வேண்டும். அவ்வழிக்கு யாரோ ஒருவர் பணம் கொடுத்தாக வேண்டும். அந்த வழி இன்று மாறி வருகிறது. வழி மாறும்போது விளையாட்டுக்கு நேர்வது என்ன, சிறப்பாகக் கல்லூரி விளையாட்டுக்கு நேர்வது என்ன என்பதே நாம் இன்று ஆராயவிருக்கும் பொருள்.

பெரம்பலூரும் அரியலூரும் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளாக இருந்தவை. பெரம்பலூர் 1995ஆம் ஆண்டிலும், அரியலூர் நிலையாக 2007ஆம் ஆண்டிலும் தனி மாவட்டங்கள் ஆயின. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் சிற்றூர்கள் ஒருபுறம். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும் மறுபுறம். இவ்வூர்த் தெருக்களில் கம்பத்துக்குக் கம்பம் தாவிச் செல்லும் கறுப்புக் கம்பியை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதுவே கேபிள் கம்பி. 1991ஆம் ஆண்டில் செயற்கைக்கோள் வழியாக அயல்நாட்டு ஒளிபரப்புகள் நம் நாட்டுக்குள் வரத் தொடங்கிய பின்னர், நகரங்களிலும் சிற்றூர்களிலும் இக்கம்பி படர்ந்தது. 1995இல் அதனை ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்றப்பட்டது. 2011இல் தமிழ்நாடு அரசு கேபிள் நிறுவனம் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு வழங்கத் தொடங்கியது.

இந்த ஏற்பாட்டின் உட்பொருளை அறிய நாம் நூல்களைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. நம் ஊர்த் திருவிழாவை நினைத்தால் போதும். திருவிழாவுக்கு ஒவ்வொரு வீட்டிலும் தலைக்கட்டு வரி வாங்குகிறார்கள். கூத்துப் பார்ப்பவரும் கொடுக்கிறார். கூத்து நடக்கும் இரவில் உறங்கிவிடுபவரும் கொடுக்கிறார். எல்லாரும் சிறுதொகை கொடுப்பதால் பெருந்தொகை சேர்கிறது; கூத்தும் நடைபெறுகிறது, வாணவேடிக்கையும் நடைபெறுகிறது. கேபிள் கட்டணமும் இத்தகையதே. கிரிக்கெட்டு மட்டையைத் தொட்டும் அறியாத பாட்டி கொடுத்த பணத்தின் ஒரு கூறு, தொடர் நாடகங்களோடு விளையாட்டு அலைவரிசைக்கும் போய்ச் சேர்ந்தது. பாராதவர் கொடுத்த பணம் பார்ப்பவரைத் தாங்கியது.

அந்தத் தலைக்கட்டு வரி இப்போது குலைகிறது. 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் பணியைத் தொடங்கிய பின் கைப்பேசியின் இணைய விலை பெரிதும் வீழ்ந்தது. 2019இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் புதிய விதி நடைமுறைக்கு வந்தது; வேண்டிய அலைவரிசையைத் தனித்தனியே தெரிந்தெடுத்து விலை கொடுக்கும் உரிமை வீட்டாருக்குக் கிடைத்தது. வேண்டாதவற்றை விடும் உரிமையும் அதனோடு சேர்ந்து வந்தது. பலர் இணைப்பையே விட்டுவிட்டனர். கட்டணம் செலுத்தி டிஷ் வைத்திருந்த வீடுகள் 2020ஆம் ஆண்டு இறுதியில் நாடு முழுவதும் ஏறத்தாழ 7 கோடியே 10 லட்சம். 2025 மார்ச்சில் அவை ஏறத்தாழ 5 கோடியே 70 லட்சமாகக் குறைந்தன. இவ்வாறு இணைப்பைக் கைவிடுவதையே கம்பியை அறுத்தல் என்று மேலைநாட்டார் குறிப்பிடுகின்றனர்.

நம் நாட்டில் தொடக்கநிலையில் உள்ள இம்மாற்றம் அமெரிக்காவில் முற்றிவிட்டது. அங்கே கல்லூரி விளையாட்டே பெருந்தொழில். ஆகவே அதன் விளைவை அங்குச் சென்று காண்பது நலம். 1979இல் தொடங்கப்பெற்ற ஈ.எஸ்.பி.என். என்னும் விளையாட்டு அலைவரிசை 2011இல் ஏறத்தாழ 10 கோடி வீடுகளுக்குச் சென்றது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மாதம் நான்கு டாலருக்கு மேல் அதற்குக் கிடைத்தது. கணக்கிட்டுப் பாருங்கள்: மாதந்தோறும் நாற்பது கோடி டாலருக்குக் குறையாத வருவாய்! அந்தச் செல்வத்தைக் கொண்டு அது பல்கலைக்கழகங்களின் கால்பந்து, கூடைப்பந்து ஆட்டங்களை வாங்கியது. பல்கலைக்கழகங்களும் அவ்வருவாயை நம்பி அரங்குகள் கட்டின. பயிற்சியாளர்களுக்குப் பெருஞ்சம்பளம் கொடுத்தன. ஆனால், 2023இல் அவ்வலைவரிசையின் வீடுகள் ஏறத்தாழ 7 கோடியாகச் சுருங்கின.

அதே 2023இல் நடந்த நிகழ்ச்சி ஒன்று படிப்பினை தருவது. மேற்குப் பகுதியின் பன்னிரண்டு பல்கலைக்கழகங்கள் பசிபிக் பன்னிரண்டு என்னும் கூட்டமைப்பாக இயங்கின; ஒரு நூற்றாண்டு கடந்த மரபு அதற்கு உண்டு. அவற்றுள் இரண்டு 2022இலேயே விலகுவதாக அறிவித்திருந்தன. எஞ்சியவற்றின் ஒளிபரப்பு ஒப்பந்தம் முடியும் தறுவாயில், ஆப்பிள் நிறுவனம் இணைய வழியில் ஆட்டங்களைக் காட்ட முன்வந்தது. எத்தனை பேர் சந்தா செலுத்துகின்றனரோ அதற்கேற்பப் பல்கலைக்கழகங்களின் வருவாய் உயரும் என்பது அதன் ஏற்பாடு. அதாவது, தலைக்கட்டு வரி போய் நுழைவுச் சீட்டு வந்தது. அதனை நம்பி நிற்கப் பல்கலைக்கழகங்கள் துணியவில்லை. சில நாட்களுக்குள் பழைய முறையில் பணம் கிடைக்கும் வேறு கூட்டமைப்புகளுக்குப் பல சென்றன. பன்னிரண்டில் பத்து 2024இல் பிரிந்துவிட்டன. ஆரிகான் மாநிலப் பல்கலைக்கழகமும் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகமும் மட்டும் எஞ்சின. பின்னர்ப் புதிய உறுப்பினர்களைத் தேடிக் கூட்டமைப்பை மீண்டும் கட்டும் பணியில் அவை இறங்கின. பசிபிக் கடலோரத்து ஸ்டான்ஃபோர்டுப் பல்கலைக்கழகம் அட்லாண்டிக் கடலோரக் கூட்டமைப்பில் சேர்ந்தது! கால்பந்தின் வருவாய்க்காக எடுத்த முடிவு, அதனால் யாதொரு பயனும் பெறாத கைப்பந்து மாணவிகளையும் கண்டம் கடந்து சென்று ஆட வைத்தது. பெரிய ஆட்டத்தின் வரவு செலவு சிறிய ஆட்டத்தின் தலையில் விடிந்தது.

இனி நம் நாட்டுக்குத் திரும்புவோம். கம்பி அறுந்ததால் பெருவிளையாட்டுக்கு இங்கே நட்டம் நேரவில்லை. 2022 ஜூனில் ஐந்தாண்டுகளுக்கான ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமைகள் 48,390 கோடி ரூபாய்க்கு விலைபோயின. உள்நாட்டுத் தொலைக்காட்சி உரிமைக்கு டிஸ்னி ஸ்டார் கொடுத்தது 23,575 கோடி. இணைய உரிமைகளுக்கு வயாகாம்18 கொடுத்தது 23,758 கோடி. கைப்பேசி தொலைக்காட்சியை முந்திய காலம் அது. 2023இல் ஜியோசினிமா அவ்வாட்டங்களை இலவசமாகக் காட்டியது, மக்கள் மகிழ்ந்தனர். 2024 நவம்பரில் போட்டியிட்ட இரு தரப்பும் ஒன்றாயின. 2025இல் ஜியோஹாட்ஸ்டார் என்னும் பெயரில் வந்த சேவையில் முழு ஆட்டத்தையும் காணச் சந்தாவோ, சந்தா அடங்கிய கைப்பேசித் திட்டமோ வேண்டியதாயிற்று. இலவசம் என்பது வணிகத்தில் அழைப்பிதழேயன்றி உரிமைப் பத்திரம் அன்று என்பதை மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

அப்படியானால் சந்தா செலுத்த இயலாத வீட்டின் நிலை என்ன? இங்கேதான் சட்டம் துணைக்கு வருகிறது. வான்அலைகள் பொதுமக்களின் சொத்து என்று 1995இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2007இல் இயற்றிய சட்டப்படி, நாட்டுக்கு முதன்மையானவை என்று அரசு அறிவிக்கும் போட்டிகளைத் தனியார் ஒளிபரப்பாளர் பிரசார் பாரதியுடன் பகிர்ந்துகொள்ள வேண்டும். வானொலி நேர்முக வருணனைக்கும் அச்சட்டத்தில் இடம் உண்டு. ஆயினும் அப்பகிர்வு தனியார் கேபிள் வழியாகச் செல்லலாகாது என்று 2017இல் உச்சநீதிமன்றம் வரையறுத்தது. தரைவழி ஒளிபரப்பு நிலையங்களுள் பெரும்பாலானவை மூடப்பட்டுவிட்ட இந்நாளில், தூர்தர்ஷனின் மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் என்னும் சேவையே அவ்வீட்டுக்குத் துணை. ஐ.பி.எல். அந்தப் பட்டியலில் இல்லை. உலகக் கோப்பையில் இந்தியா ஆடுவதைக் காணும் உரிமை குன்னம் வட்டத்துக் குடிசைக்கும் உண்டு என்பதற்கு இச்சட்டமே காவல்.

கல்லூரி விளையாட்டுக்கோ இங்கு அத்தகைய காவலும் இல்லை. அமெரிக்காவைப் போன்ற செல்வமும் இல்லை. கேபிள் செழித்திருந்த காலத்திலும் அந்தப் பொதுப்பணத்தில் நம் கல்லூரிகளுக்குப் பங்கு வரவில்லை. பல்கலைக்கழகங்களிடையே ரோகிண்டன் பாரியா கோப்பைக்கான கிரிக்கெட்டுப் போட்டி 1930களிலிருந்து நடந்து வருகிறது; அதனைத் தொலைக்காட்சியில் கண்டவர் எத்தனை பேர்? 2020இல் புவனேசுவரத்தில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளே திரைக்கு வரும் வாய்ப்பை மாணவர்க்கு ஓரளவு அளித்தன. உள்ளூர்க் கேபிள்காரர் தம் அலைவரிசையில் எப்போதேனும் காட்டிய கபடிப் போட்டியே நம் பக்கத்து இளைஞர்க்குக் கிடைத்த திரை. கேபிள் தளர்ந்தால் அச்சிறு திரையும் மங்கும்.

இதனால் இழப்பு யாது? அரியலூரைச் சேர்ந்த ஆக்கி வீரர் கார்த்தி செல்வத்தை எண்ணிப் பாருங்கள். 2023 ஆகஸ்டில் சென்னையில் நடந்த ஆசியச் சாம்பியன்கள் கோப்பையில் வாகை சூடிய இந்திய அணியில் அவர் ஆடினார். இந்தியச் சட்டை அணிந்த பின்னர் அவரை நாடே கண்டது. அந்நிலையை எட்டும் முன்னர், யாரும் காணாத களங்களில் ஆடிக்கொண்டிருக்கும் இளைஞர் எத்தனை பேர்! காணப்படாத திறமை தேர்வாளர் கண்ணில் படுவதில்லை; தேர்வாளர் கண்ணில் படாத திறமை ஈராண்டில் களத்தை விட்டு வேலை தேடிச் சென்றுவிடுகிறது.

நேயர்களே, கம்பியை அறுத்த அதே கைப்பேசி இக்குறைக்கு மருந்தும் ஆகலாம். சிற்றூர்க் கபடிப் போட்டிகள் இன்று யூடியூபில் நேரலையாக வருகின்றன. ஒரு கல்லூரிக்கு ஒரு கைப்பேசியும் ஒரு முக்காலியும் நல்ல இணைய இணைப்பும் இருந்தால் மண்டலப் போட்டியை உலகுக்குக் காட்டலாம். ஆனால், படம் மட்டும் காட்டினால் பயன் சிறிது. ஆட்டக்காரர் பெயரும் எண்ணும் தெரிய வேண்டும். புள்ளிக் கணக்கு பிழையின்றி வர வேண்டும். தூய தமிழில் வருணனை வேண்டும். ஆட்டம் முடிந்தபின் அப்பதிவு ஒழுங்காகச் சேமிக்கப்பட வேண்டும். தமிழ் பயிலும் மாணவர் வருணனையையும், கணிதம் பயிலும் மாணவர் புள்ளிக் கணக்கையும், கணினி பயிலும் மாணவர் ஒளிபரப்பையும் ஏற்றால் இப்பணி கல்வியின் ஒரு கூறாகவே அமையும். 2024 நவம்பரில் பிரசார் பாரதி வேவ்ஸ் என்னும் இணையச் சேவையைத் தொடங்கியது. கல்லூரி விளையாட்டுக்கு அத்தகைய பொதுத்துறை மேடைகளில் நிலையான இடம் ஒதுக்க வேண்டும் என்று கேட்பதும் மாணவர் கடமையே.

திருவிழாவின் தலைக்கட்டு வரி நின்றுபோனால் பெரிய கூத்து சீட்டு விற்றுப் பிழைத்துக்கொள்ளும். ஊர்ப் பிள்ளைகளின் ஆட்டத்துக்குச் சீட்டு விற்காது. ஊரே முன்வந்து அதற்கு விளக்கேற்ற வேண்டும். இனி ஓர் ஆட்டத்தைத் திரையில் காணும்போது, இதனை நான் காண்பதற்குப் பணம் கொடுத்தவர் யார், இங்கே காட்டப்படாமல் நின்ற ஆட்டம் எது என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். அவ்வினாக்களுக்கு விடை தேடத் தொடங்கினால், பெரம்பலூர், அரியலூர்க் களங்களில் நாளை ஆடப்போகும் இளைஞர்க்குப் பார்வையாளர் கிடைப்பர்.