கோட்டைக்கு வழி வார்டிலிருந்துதான்!

(மேல்மலையனூர் வட்டார இளைஞர்கள், வணிகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



"நமக்கென்று ஒரு எம்.எல்.ஏ. வேண்டும், கோட்டையில் நம் குரல் ஒலிக்க வேண்டும்." இதைச் சொல்லாத ஜமாஅத் இல்லை. நல்ல ஆசைதான். ஆனால், ஒரு சட்டமன்ற உறுப்பினர் எப்படி உருவாகிறார் என்பதை எண்ணிப் பார்த்தீர்களா? வெளியூர்க் கதை வேண்டாம். நம் தொகுதியையே எடுத்துக்கொள்வோம்.

2006 தேர்தல் வரை மேல்மலையனூர் என்ற பெயரிலேயே ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. தொகுதி மறுசீரமைப்புக்குப் பின், 2011 தேர்தல் முதல் நம் வட்டாரம் செஞ்சித் தொகுதிக்குள் வந்தது. அந்தச் செஞ்சியில் 2016-லும் 2021-லும் தி.மு.க. வேட்பாளராக நின்று வென்றவர் ஜனாப் கே.எஸ். மஸ்தான் அவர்கள்.

செஞ்சி முஸ்லிம்கள் நிறைந்த தொகுதியா? இல்லை. நம்மவர் வாக்கு மட்டும் விழுந்திருந்தால் டெபாசிட்டாவது மிஞ்சியிருக்குமா? 2021-இல் அவருக்கு ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பகுதியைப் போட்டவர்கள் யார்? நெல் மூட்டையோடு செஞ்சி விற்பனைக்கூடத்துக்கு வரும் விவசாயி. அமாவாசைக் கூட்டத்தில் நம் கடைக்குப் பக்கத்திலேயே கடை போடும் வியாபாரி. அந்த மக்கள்தான்!

அந்த நம்பிக்கை ஒரே தேர்தலில் வந்ததல்ல. சட்டமன்றத்துக்குப் போகும் முன்பே அவர் செஞ்சிப் பேரூராட்சித் தலைவராகப் பலமுறை இருந்தவர். தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், சாக்கடை – இவைதான் பேரூராட்சியின் அன்றாட அரசியல். அங்கே யாரும் "நீ எந்தச் சமுதாயம்?" என்று கேட்பதில்லை. "தண்ணீர் வருமா, வராதா?" என்றுதான் கேட்பார்கள்!

சகோதரர்களே! காயிதே மில்லத் இஸ்மாயீல் சாஹிப் அவர்கள் 1946 முதல் 1952 வரை சென்னைச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக வீற்றிருந்தார்கள். 1946 தேர்தலில் முஸ்லிம் தொகுதிகளில் முஸ்லிம்கள் மட்டுமே வாக்களித்தார்கள். அரசியல் சட்டம் வந்தபின் அந்த முறை போய்விட்டது. இன்று எல்லோருக்கும் ஒரே வாக்காளர் பட்டியல். ஆகவே அண்டை வீட்டாரின் மனத்தை வெல்லாதவர் கோட்டை வாசலைக் கூட மிதிக்க முடியாது.

2021 மே மாதம் மஸ்தான் அவர்கள் அமைச்சரானார். சிறுபான்மையினர் நலன், வெளிநாடுவாழ் தமிழர் நலன் ஆகிய துறைகள் அவரிடம் இருந்தன. 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பிடித்தது. தமிழர் எழுவர் மாண்டனர். உடல்கள் கொச்சிக்கு வந்தபோது விமான நிலையத்தில் தமிழக அரசின் சார்பில் நின்றவர் அவர்தான். பிள்ளைகளை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு அந்தத் துறையின் அருமை தெரியும்.

ஆனால் அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் அமைச்சரவை மாற்றப்பட்டது. மஸ்தான் அவர்களின் பதவி போனது. அவர் கவனித்த சிறுபான்மையினர் நலத்துறை ஆவடி நாசர் அவர்களுக்குக் கிடைத்தது. அந்த நாசர் அவர்களும் 2023 மே மாதம் அமைச்சர் பதவியை இழந்து, மீண்டும் வந்தவர்தாம்!

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. அமைச்சர் பதவி முதலமைச்சர் தருவது. அவர் நினைத்தால் எடுத்துக்கொள்வார். உறுப்பினர் பதவி மக்கள் தந்தது. அமைச்சர் பதவி போன மறுநாளும் மஸ்தான் அவர்கள் செஞ்சியின் எம்.எல்.ஏ.தான். நாமோ அமைச்சரின் காரை எண்ணி மயங்குகிறோம். வாக்காளர் பட்டியலில் நம் பெயர் இருக்கிறதா என்று பார்க்க மறக்கிறோம்!

வணிகப் பெருமக்களே! எம்.எல்.ஏ. என்றால் சிபாரிசுக் கடிதம் தருபவர், கடைத் திறப்பு விழாவுக்கு வருபவர் என்று நினைக்காதீர்கள். சட்டமன்றத்தில் கேள்வி கேட்க அவருக்கு உரிமை உண்டு. மனுக்கள் குழு இருக்கிறது. அமைச்சர்கள் அவையில் தந்த வாக்கு நிறைவேறியதா என்று பார்க்க உறுதிமொழிக் குழு இருக்கிறது. உங்கள் கோரிக்கையை எழுத்தில், தேதியிட்டு, பக்கத்துக் கடைக்காரரின் கையெழுத்தையும் சேர்த்துக் கொடுங்கள். நகலை வைத்துக்கொண்டு விடாமல் கேளுங்கள்.

இளைஞர்களே! கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. எத்தனை முறை போனீர்கள்? டீக்கடையில் பேசும் அரசியலை அங்கே வந்து பேசுங்கள். வார்டு உறுப்பினராக நில்லுங்கள். தோற்றாலும் தெருவை அறிவீர்கள்; தெருவும் உங்களை அறியும். அந்த அறிமுகத்தை எந்தக் கட்சித் தலைமையும் உங்களுக்கு எழுதித் தர முடியாது.

சீட்டுக் கேட்டுச் சென்னைக்கு வண்டி ஏறுமுன், உங்கள் தெருவில் எரியாத விளக்குக்கு ஒரு மனு எழுதுங்கள். அங்கிருந்து தொடங்குங்கள். இன்ஷா அல்லாஹ், கோட்டை தூரமில்லை!