ஒரே அறை, ஒரே அடுப்பு



நோயாளியை விசாரிக்கும்போது அவர் குடியிருக்கும் வீட்டையும் விசாரிக்க வேண்டும் என்று நாம் அடிக்கடி சொல்லி வருகிறோம். அதற்குச் சான்றாக, அயர்லாந்து நாட்டின் பழைய கிராம வீடுகளைப் பற்றி இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகிறோம்.

அந்நாட்டுக் குடியானவர்கள் பக்கத்தில் கிடைத்ததைக் கொண்டே வீடு கட்டினார்கள். கல் மிகுந்த மேற்குப் பகுதியில் கற்சுவர். வேறு பல இடங்களில் வைக்கோல் கலந்து மிதித்த களிமண் சுவர். மேலே வைக்கோல் அல்லது நாணல் கூரை. கடற்கரை ஊர்களில் காற்று பிய்த்துக்கொண்டு போகாதபடி கூரையைக் கயிறுகளால் வரிந்து கட்டுவார்கள். பெரிய வேலைகளுக்கு அக்கம்பக்கத்தார் கூலி வாங்காமல் வந்து கைகொடுப்பார்கள். இதற்கு 'மெஹல்' என்று பெயர்.

வீட்டின் உயிர் அடுப்புதான். சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய 'டர்ஃப்' கட்டிகளே விறகு. இரவில் தணலைச் சாம்பலால் மூடிவைத்து, காலையில் ஊதி எழுப்புவார்கள். மேற்கிலும் வடக்கிலும் சில வீடுகளில் அடுப்பருகே சுவரைச் சற்று வெளியே தள்ளிப் படுக்கை அமைத்தார்கள். அந்தக் கதகதப்பான இடம் பெரும்பாலும் முதியோருக்கு. சில வீடுகளில் ஒரே கூரையின்கீழ் ஒரு கோடியில் மனிதர், மறு கோடியில் மாடு.

ஏழைகளின் நிலை இதனினும் கீழானது. 1841-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், மூன்று வீடுகளில் ஒன்றுக்கும் மேற்பட்டவை ஒரே அறை கொண்ட மண் குடிசைகள். வீட்டைச் சீர்ப்படுத்தினால் குத்தகை உயரும், இல்லையேல் வெளியேற்றப்படுவோம் என்ற பயமும் பலருக்கு இருந்தது.

1845-இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து, பெரும் பஞ்சம் தொடங்கியது. ஏறக்குறைய 10 லட்சம் பேர் மாண்டார்கள். நேரடியான பட்டினியைவிட நோயே அதிகம் பேரைக் கொன்றது. மாற்றுத் துணியின்றி, குளிருக்கு ஒண்டிப் படுத்தவர்களிடையே டைபஸ் காய்ச்சல் பரவியது. வழிப்போக்கருக்கு அடுப்போரம் இடம் கொடுப்பது அவர்கள் வழக்கம். அந்த அன்பின் வழியாகவும் காய்ச்சல் வீட்டுக்குள் வந்தது. அதைச் சுமப்பது உடற்பேன் என்று டாக்டர் சார்ல்ஸ் நிக்கோல் 1909-இல்தான் கண்டறிந்தார்.

1841-இல் சுமார் 4,90,000 ஆக இருந்த ஓரறைக் குடிசைகள், 1851-இல் சுமார் 1,35,000 ஆகக் குறைந்தன. நல்ல வீடுகள் எழுந்ததால் அல்ல. பெரும்பாலும் குடியிருந்தவர்கள் மாண்டதாலும் கப்பலேறியதாலும். 1883-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பிறகே கூலித் தொழிலாளருக்குத் தோட்ட நிலத்துடன் வீடுகள் கட்டும் பணி தொடங்கியது. 1914-க்குள் 40,000-க்கும் மேல் கட்டி முடித்தார்கள்.

நண்பர்களே, அந்தக் குடிசைகளில் அன்புக்குக் குறைவில்லை. குறைவாய் இருந்தவை இன்னோர் அறையும், மாற்றுத் துணியும், வீட்டின் மேல் உரிமையுமே. அவை கிடைக்கும் இடத்தில் மருந்தின் வேலையும் பாதியாகக் குறைகிறது.