பாட்டியின் குரலும் பள்ளிப் பாடமும்



தோட்டங்களில் வாழ்ந்த நம் குடும்பங்களுக்கு வானொலி புதிதன்று. லயத்தில் ஒரு வீட்டில் வானொலிப் பெட்டி இருந்தால் பக்கத்து வீடுகளுக்கும் அதுவே பாட்டும் செய்தியும் தந்தது. நேயர் விருப்பத்தில் நம் பெயரை வாசித்தால் மகிழ்ந்தோம். கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்சுக்கு இரயிலில் வருவோர் இன்றும் வழியில் அங்காசாபுரி நிலையத்தைக் கடக்கிறார்கள். நாட்டின் ஒலிபரப்புத் தலைமையகத்தின் பெயரைத் தாங்கிய நிலையம் அது. அங்கிருந்து வந்த குரலை நாம் கேட்டோம். ஆனால் நம் வீட்டுக் குரலை யார் கேட்டார்கள்? அதைப் பற்றியே இன்று பேசவிருக்கிறோம்.

இக்காலத்தில் 'பாட்காஸ்ட்' என்றொரு முறை வந்துள்ளது. தமிழில் அதனை 'வலையொலி' என்கிறோம். அந்த ஆங்கிலச் சொல் 2004ஆம் ஆண்டில் ஒரு நாளேட்டுக் கட்டுரையில் முதன்முதலாக வந்தது. பேச்சைப் பதிவு செய்து இணையத்தில் வைத்துவிட்டால், வேண்டியவர் வேண்டிய நேரத்தில் கேட்கலாம். உயர்ந்த கோபுரமும் பெரிய நிலையமும் இதற்குத் தேவையில்லை. உங்கள் வீட்டிலுள்ள கைப்பேசியே போதும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களாகிய நாங்கள் சிலர் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுடன் இதனைச் செய்து பார்த்தோம். முதல் முயற்சி சரியாக வரவில்லை. பிழை எங்களுடையதே. "தூய்மை நம் கடமை" என்று நாங்களே ஓர் உரை எழுதினோம். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள். பதிவைப் போட்டுக் கேட்டபோது, பேசிய பிள்ளைக்கே அதைக் கேட்கப் பொறுமையில்லை.

அடுத்த வாரம் உரையை விட்டுவிட்டுக் கேள்விகளைக் கொடுத்தோம். வீட்டில் வயதில் மூத்தவரிடம் ஐந்து கேள்விகள் கேட்டு வர வேண்டும். 'ஆமாம்', 'இல்லை' என்று முடிந்துவிடும் கேள்வி கூடாது. "பாட்டி, நீங்கள் மரம் வெட்டினீர்களா?" என்றால் ஒரு சொல்லில் பதில் முடிந்துவிடும். "முதல் நாள் வெட்டுக்குப் போனபோது என்ன நடந்தது?" என்றால் ஒரு கதையே வரும்.

வகுப்பில் வாய் திறவாத மாணவி ஒருத்தி இருந்தாள். அவள் கொண்டுவந்த பதிவு ஆறு நிமிடம் ஓடியது. பதின்மூன்று வயதில் விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போனதையும், உளி பிடிக்கத் தெரியாமல் மரத்தைக் காயப்படுத்தி ஏச்சு வாங்கியதையும் அவள் பாட்டி சொன்னார். கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு நிரைக்கு நடந்த நாளைச் சொல்ல வந்தபோது பாட்டியின் பேச்சு சற்று நின்றது. பிறகு பேத்தியின் குரல் மெல்லக் கேட்டது: "அப்புறம் என்ன பாட்டி?" அந்தக் கேள்வியை நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லை. பிறர் பேச்சைக் கவனித்துக் கேட்கும் பிள்ளைக்கு அடுத்த கேள்வி தானே வரும்.

ஆனால் அந்த மாணவி தன் குரலைக் கேட்டதும், "ஐயோ, இது நானில்லை!" என்று முகத்தை மூடிக்கொண்டாள். இது எல்லோருக்கும் நேர்வதுதான். நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமின்றி மண்டை எலும்பின் வழியாகவும் உட்செவியை அடைகிறது. எலும்பு தாழ்ந்த ஒலிகளை நன்கு கடத்துவதால் நம் குரல் நமக்குக் கனமாகக் கேட்கிறது. பதிவில் காற்று வழி வந்த ஒலி மட்டுமே இருப்பதால் அது மெலிந்து தெரிகிறது. மற்றவர்கள் நாள்தோறும் கேட்பது அந்தக் குரலைத்தான். இதை விளக்கியதும் பிள்ளைகளின் கூச்சம் குறைந்தது. அன்று அறிவியல் பாடமும் தானாக நடந்தது.

"இதனால் படிப்பு கெடாதா? மதிப்பெண் கிடைக்குமா?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. வகுப்பறை மதிப்பீட்டில் கேட்டலும் பேச்சும் கணக்கில் வருகின்றன. அது ஒருபுறமிருக்க, ஐந்து நிமிட வலையொலி செய்ய ஒரு பிள்ளை கேள்விகளை எழுத வேண்டும். பதிலைப் பலமுறை கேட்க வேண்டும். வேண்டியதை வைத்து வேண்டாததை வெட்ட வேண்டும். நான்கு வரியில் முன்னுரை எழுதிப் பிழையின்றி வாசிக்க வேண்டும். ஒட்டுப்பால், காண்டா, பெரட்டு போன்ற சொற்களுக்குப் பொருள் தேட வேண்டும். இவை அனைத்தும் மொழிப் பாடமே.

நேயர்களே, இதில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. கூலி உயர்வு மட்டுமின்றி, துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் தொழிலாளர்கள் கேட்டார்கள். தலைமை தாங்கிய ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டார். அடுத்த சில ஆண்டுகளில், போர்க்காலத்தில், பல்லாயிரம் தமிழர்கள் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். இவற்றைக் கண்ணால் கண்டவர்கள் நம் வீட்டுத் திண்ணைகளில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. பலர் சொன்னதைப் பதிந்து வைப்பார் இல்லை.

தோட்டங்களும் மறைந்துகொண்டே வருகின்றன. சுபாங் ஜெயா நகரம் சீபீல்ட் தோட்டத்து மண்ணில் எழுந்தது. பண்டார் உத்தாமாவில் எபிங்காம் தோட்டம் இருந்தது. இரண்டு இடங்களிலும் தமிழ்ப் பள்ளிகள் அந்தப் பெயரை இன்றும் சுமந்து நிற்கின்றன. பெயரைப் பள்ளி காத்தது. அங்கே வாழ்ந்தவர்களின் குரலைக் காப்பது யார்?

வீட்டில் பதிவு செய்ய விரும்புவோருக்குச் சில குறிப்புகள் சொல்கிறோம். மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் நிறுத்துங்கள். வெற்றுச் சுவர் எதிரொலிக்கும். துணிமணியும் மெத்தையும் உள்ள அறை நல்லது. தகரக் கூரை வீடானால் மழை நேரம் வேண்டாம். கைப்பேசியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் மேசைமேல் வையுங்கள். கையில் பிடித்தால் உரசல் ஒலி விழும். முதலில் அரை நிமிடம் பதிந்து கேட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் பேசுபவரின் பெயர், ஊர், தேதி ஆகியவற்றைச் சொல்லுங்கள். ஐம்பது ஆண்டு கழித்துக் கேட்பவருக்கு அது உதவும்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. குரல் பேசியவருக்கே உரியது. ஒரு தாத்தா ஆர்வத்தில் பழைய குடும்பத் தகராறு ஒன்றைச் சொல்லிவிட்டு, மறுநாள் "அதை எடுத்துவிடப்பா" என்றார். பேரன் அதைத்தான் சுவையான பகுதி என்றான். நாங்கள் எடுத்துவிடச் சொன்னோம். தாத்தா சம்மதித்ததை மட்டுமே பிறர் கேட்கலாம். பிள்ளைகளின் பதிவுக்கும் பெற்றோரின் எழுத்துமூலமான அனுமதி வேண்டும். முழுப் பெயரும் வீட்டு முகவரியும் இணையத்தில் போகக் கூடாது. நாங்கள் எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றவில்லை. பல பதிவுகள் வகுப்புப் பெற்றோரின் புலனக் குழுவோடு நின்றன. குடும்பத்தார் கேட்டு மகிழ அதுவே போதுமானதாக இருந்தது.

கேரித் தீவிலோ காப்பாரிலோ, அடுக்குமாடி வீட்டிலோ, நீங்கள் எங்கிருந்தாலும், இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பிள்ளையைப் பாட்டியின் அருகில் உட்கார வையுங்கள். "எனக்கென்ன தெரியும், படிக்காதவள்" என்று பாட்டி சொல்லக்கூடும். எங்களிடமும் பலர் அப்படித்தான் தொடங்கினார்கள். பிள்ளை ஒரு கேள்வி கேட்கட்டும். பாட்டி சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் இருக்கட்டும்.

அந்தப் பதிவைப் பத்திரமாக இரண்டு இடங்களில் வையுங்கள். கைப்பேசி பழுதாகலாம்.