நோயாளிக்கு இடமில்லாத சபை



சட்டசபையிலே ஒரு மசோதா எவ்வாறு சட்டமாகின்றது என்பதனைப் பாடசாலையில் நாம் மிக எளிதாகக் கற்பித்துவிடுகின்றோம். முதலாம் வாசிப்பு, இரண்டாம் வாசிப்பு, குழுநிலை ஆராய்வு, மூன்றாம் வாசிப்பு, வாக்கெடுப்பு. மாணவரும் இவற்றை மனனஞ் செய்து பரீட்சையில் எழுதிவிடுகின்றனர். ஆயினும், வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போமாயின், ஒரு மசோதாவின் தலைவிதி பெரும்பாலும் இந்த வாசிப்புகளுக்கு வெளியிலேயே எழுதப்பட்டிருக்கக் காண்போம். மருத்துவம் பற்றிய மசோதாவாயின் சொல்லவே வேண்டுவதில்லை. பிணி தீர்க்கப்பட வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேற்றுமை இருப்பதில்லை. யாருடைய பணத்தில் என்ற வினா எழுந்த கணமே சபை இரண்டுபட்டுவிடுகின்றது.

நான் திம்புள்ளப் பகுதியிலே பாடசாலை நடத்துகின்றவன். ஆதலின் இன்று நம் மலைநாட்டுக்கே உரிய ஒரு சட்டத்தை எடுத்துக்கொண்டு இவ்வுண்மையை விளக்க விரும்புகின்றேன். தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்காக 1872ஆம் ஆண்டிலே முதன்முதலாக இயற்றப்பட்டு, பின்னர் 1880, 1882, 1912 ஆகிய ஆண்டுகளிலே திரும்பவும் இயற்றப்பட்ட கட்டளைச் சட்டமே அது. நாற்பது ஆண்டுகளில் ஒரே நோக்கத்துக்காக நான்கு முறை சட்டம் இயற்ற வேண்டியிருந்தது ஏன்? இவ்வொரு வினாவிலேயே அதன் கதை முழுவதும் அடங்கியிருக்கின்றது.

1872இல் திம்புள்ளப் பள்ளத்தாக்கிலே தேயிலை இல்லை. மலைச்சரிவெல்லாம் கோப்பியே நின்றது. புகையிரதம் அட்டனுக்கு வந்தது 1884இல். நானு ஓயாவுக்கு வந்தது 1885இல். தமிழகத்திலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து மலையேறினர். வாந்திபேதியும் பெரியம்மையும் அவர்களுடனேயே நடந்து வந்தன. வழியிலே மாண்டவர் பலர். தப்பி வந்தோரைத் தோட்டத்திலே வரவேற்றவை மலைக்குளிரும், நெருக்கமான லயன் காம்பிராக்களும், வயிற்றுளைச்சலுமே. கோப்பிப் பயிருக்கு உரமிடவும் களை பிடுங்கவும் கணக்கு வைத்திருந்த தோட்டங்களிலே, கொழுந்து வயதிலே மடிந்த மனிதருக்குச் சரியான கணக்கு இருக்கவில்லை.

இம்மக்களுக்கு வைத்தியம் வேண்டுமென்ற பேச்சு எழுந்த சபை எத்தகையது? சட்ட நிரூபண சபை 1833இல் அமைக்கப்பட்டது. அதிலே உத்தியோகப் பற்றுள்ள அங்கத்தவரே பெரும்பான்மையினர். உத்தியோகப் பற்றற்றோர் அறுவர். அவருள் ஐரோப்பியர் மூவர், சிங்களவர் ஒருவர், தமிழர் ஒருவர், பறங்கியர் ஒருவர். அறுவரும் தேசாதிபதியால் நியமிக்கப்பட்டவர்கள். ஐரோப்பியர் இடங்களின் வாயிலாகத் தோட்டத் துரைமாரின் குரல் சபைக்குள் ஒலித்தது. சபைக்கு வெளியே, 1854ஆம் ஆண்டு முதல் கண்டியிலே இயங்கி வந்த துரைமார் சங்கம் அக்குரலுக்கு வலிமை தந்தது. தமிழருக்குரிய ஓரிடத்திலே, முதலில் முத்துக்குமாரசுவாமியும், 1879 முதல் பொன்னம்பலம் இராமநாதனும் வீற்றிருந்தனர். இருவரும் பேரறிஞர்கள்; எனினும் தோட்டத்து லயன்களிலிருந்து வாக்குப் பெற்றுச் சென்றவர்கள் அல்லர். வாக்கு என்பதே அன்று அங்கே இருக்கவில்லை.

உத்தியோகத்தர் பெரும்பான்மையாக இருந்த சபையில், தேசாதிபதி கொணரும் மசோதா தோற்பது அரிது. அப்படியாயின் சூழ்ச்சிக்கு அங்கே என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். வாக்கிலே வெல்ல இயலாதவர்கள் வாசகத்திலே வெல்ல முயன்றனர் என்பதே விடை. சபையிலே தலைகளை எண்ணினால் தேசாதிபதியின் கை ஓங்கியிருக்கும். ஆனால் அரசாங்கத்தின் வருவாயோ பெரும்பாலும் கோப்பியைச் சார்ந்திருந்தது. கோப்பியை விளைவித்தவர்களைப் பகைத்துக்கொண்டு ஆட்சி நடத்துதல் எளிதன்று. துரைமார் தரப்பிலே நியாயங்களும் சொல்லப்பட்டன. தொழிலாளர் வரும் வழியிலேயே நோயுற்று வருகின்றனர், அதற்குத் தோட்டம் எவ்வாறு பொறுப்பாகும் என்றனர். தோட்டங்களிலே மருந்து கொடுத்து வருகின்றோமே என்றனர். எல்லாவற்றுக்கும் மேலாக, செலவைத் தாங்க இயலாது என்றனர்.

தேசாதிபதி வில்லியம் கிரெகரி 1872இல் இலங்கைக்கு வந்தார். அவ்வாண்டிலேயே 14ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. அதிலே காணப்பட்ட இணக்கம் இதுதான். வைத்தியத்துக்காகத் தோட்டங்கள் ஏக்கர்க் கணக்கிலே வரி செலுத்த வேண்டும். அப்பணத்தைக் கொண்டு வைத்தியரை அமர்த்தி வேலையை நடத்தும் பொறுப்போ, மாவட்டந்தோறும் துரைமாரே அமைத்துக்கொள்ளும் குழுக்களுக்கு உரியது. வெளித்தோற்றத்திலே மிக நேர்த்தியான ஏற்பாடு. பணம் கொடுப்பவரிடமே நிருவாகம் இருப்பது நியாயந்தானே என்று தோன்றும். ஆனால் செலவு குறைவதனால் எவருக்கு இலாபமோ, அவரிடமே செலவிடும் அதிகாரமும் சென்றுவிட்டது என்பதனை நாம் மறத்தலாகாது. வேலியின் காவலை ஆட்டிடம் ஒப்படைத்த கதையே அது. சட்டம் புத்தகத்திலே இருந்தது. வைத்தியரோ பல மலைகளுக்கு ஏறவில்லை. எட்டு ஆண்டுகளின் பின், வேறு சட்டம் வேண்டுமென அரசாங்கமே முன்வர நேர்ந்தது.

1880இலே 17ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அப்பொழுது அரசாங்க மருத்துவத் திணைக்களத்தின் தலைவராக விளங்கியவர் டாக்டர் கின்சி. வைத்தியத்தின் நிருவாகம் துரைமார் குழுக்களிடமிருந்து அரசாங்கத்தின் கைக்கு மாறியது. எதிர்ப்பு முன்னரினும் கடுமையாக எழுந்தது. காலமும் துரைமாருக்குக் கேடானதாக இருந்தது. 1869இலே முதன்முதலாகக் காணப்பட்ட இலைநோய் கோப்பியை அரித்துக்கொண்டிருந்தது, தோட்டங்கள் கைமாறின, கடன் கொடுத்தவர்களே கலங்கினர். அந்நேரத்திலே ஏக்கருக்கு இவ்வளவு என வரி கேட்டால், காய்க்காத மரத்துக்கும் வரியா என்ற முறையீடு எழுவது இயல்பே. வழக்கு நீண்டது. 1882இலே 9ஆம் இலக்கச் சட்டம் வந்தது. முடிவிலே, நிலத்தின் மீதான வரிக்குப் பதிலாக ஏற்றுமதியாகும் விளைபொருள்களின் மீது தீர்வை விதித்து மருத்துவச் செலவைத் திரட்டும் முறை நிலைத்தது.

இங்கே அரசியல் நுட்பம் ஒன்று உண்டு. ஏக்கர் வரியைத் தோட்டந்தோறும் கேட்டு வாங்க வேண்டும். தீர்வையைத் துறைமுகத்திலேயே பெற்றுக்கொள்ளலாம். விளைச்சல் குன்றிய தோட்டத்துக்குச் சுமையும் குன்றும். ஆகவே, எதிர்த்தவர்களுக்குப் பணத்திலே இறங்கிக் கொடுத்து, நிருவாகத்தை அரசாங்கம் தன்னிடமே வைத்துக்கொண்டது. 1872இலே விட்டுக்கொடுத்தது தவறான இடத்தில். 1882இலே விட்டுக்கொடுத்தது ஓரளவு சரியான இடத்தில். சமரசம் என்றாலே இழுக்கு என்று எண்ணுவோர் இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று. எதனை விட்டுக்கொடுத்தோம் என்பதிலேதான் சமரசத்தின் தரம் தங்கியிருக்கின்றது.

1912இன் 9ஆம் இலக்கச் சட்டம் தோட்டத் துரையின் கடமைகளை விரிவாக வகுத்தது. லயன்களைச் சுகாதார நிலையில் வைத்திருத்தல் வேண்டும். நோயுற்றோரை அறிந்து ஆவன செய்தல் வேண்டும். கடும் நோயாயின் மாவட்ட வைத்திய அதிகாரியை அழைத்தல் வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் தகுந்த பராமரிப்பும் ஊட்டமும் பெறச் செய்தல் வேண்டும். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாத காலம் உணவும் உறையுளும் அளித்தல் வேண்டும்; வைத்திய அதிகாரி தகுதியுடையவள் எனச் சான்று தந்தாலன்றி, அம்மாதத்தில் அவளை வேலைக்கு அழைத்தலாகாது. மனிதத் தன்மை நிறைந்த விதிகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். இவை யாவும் துரையின் கடமையாக எழுதப்பட்டனவே தவிர, அந்தத் தாயின் உரிமையாக எழுதப்படவில்லை. கடமை தவறியதென்று முறையிட அவள் யாரிடம் செல்வாள்? கங்காணியிடமா? கணக்கப்பிள்ளையிடமா? அந்த ஒரு மாதத்தை இரண்டு மாதமாக்குக என்று கேட்க அவளுக்காகச் சபையிலே எழுந்து நின்றவர் யார்?

இதனை இங்கிலாந்தின் கதையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். 1945ஆம் ஆண்டுத் தேர்தலிலே தொழிற்கட்சி பெரும் வெற்றி பெற்றது. சுகாதார மந்திரி அனியூரின் பெவன் தேசிய சுகாதார சேவை மசோதாவைக் கொணர்ந்தார். எதிர்க்கட்சி எதிர்த்து வாக்களித்தும் 1946 நவம்பரிலே அது சட்டமாயிற்று. பாராளுமன்றத்திலே வென்ற பெவனுக்கு வைத்தியர்களிடையே வெற்றி கிட்டவில்லை. 1948ஆம் ஆண்டு பெப்புருவரி மாதம் பிரித்தானிய வைத்திய சங்கம் நடத்திய வாக்கெடுப்பிலே, வாக்களித்தோரில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கினர் சட்டத்தை ஏற்கவில்லை. வைத்தியர் வராத வைத்திய சேவை எவ்வாறு நடைபெறும்?

பெவன் விட்டுக்கொடுத்தார். விசேட வைத்திய நிபுணர்கள் தனியார் சிகிச்சையும் செய்யலாம், அரசாங்க ஆஸ்பத்திரிகளிலே கட்டணப் படுக்கைகளும் இருக்கலாம் என்று இணங்கினார். பொது வைத்தியர்களை முழுச் சம்பள உத்தியோகத்தராக்குவதில்லை என்பதைச் சட்டத்தாலேயே உறுதிப்படுத்த முன்வந்தார். ஆனால் நோயாளி சிகிச்சை பெறும்போது பணம் கொடுக்க வேண்டுவதில்லை என்ற மூலக் கொள்கையை அவர் அசையவிடவில்லை. 1948 யூலை 5ஆம் நாள், குறித்தபடியே சேவை தொடங்கியது. அவருடைய துணிவுக்குக் காரணம் யாது? அந்நாட்டிலே நோயாளியும் ஒரு வாக்காளன். வைத்தியர்களின் வாக்கைப் போலப் பன்மடங்கு வாக்கு அவனிடம் இருந்தது. நம் மலைநாட்டுச் சட்டத்துக்கு இல்லாமற்போன பக்கபலம் அதுவே.

நமது நாட்டிலும் அப்பக்கபலம் சிறிது சிறிதாக வந்தது. 1924ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திலே இந்தியருக்கென இரண்டு ஆசனங்கள் கிடைத்தன. கோ. நடேசய்யர் அச்சபையிலே புகுந்து தொழிலாளருக்காக முழங்கினார். 1931இலே சர்வசன வாக்குரிமை வந்தது. தோட்ட மக்களுக்கு அது நிபந்தனைகளோடுதான் வந்தது. எனினும் அட்டன் தொகுதியின் அங்கத்தவராக அரசாங்க சபைக்குச் சென்ற பெரி. சுந்தரம் தொழில் மந்திரியானார். 1936இலே அதே தொகுதியை நடேசய்யர் வென்றார். 1939இலே பிரசவகால உதவிக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. பிள்ளைப்பேற்றின் பொருட்டு வேலைக்கு வராத பெண்ணுக்குப் பணமாகவே உதவி கொடுக்க வேண்டும் என்று அது விதித்தது. அங்கும் பேரம் நிகழாமலில்லை. தோட்டங்கள் பணத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பிரசவ விடுதியும் உணவும் கொடுக்கலாம் என்ற மாற்று வழி சேர்க்கப்பட்டது. ஆயினும் 1912இலே துரையின் கடமையாக இருந்தது, 1939இலே பெண்ணின் உரிமையாக மாறியது. இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடையே மலைநாட்டுக்கு வந்து சேர்ந்தது வாக்குச் சீட்டு.

வந்தது நிலைத்ததா? 1947இலே தொண்டமான் நுவரெலியாவிலிருந்தும், கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை தலவாக்கலையிலிருந்தும் பாராளுமன்றம் சென்றனர். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டமும் அம்மக்களில் மிகப் பெரும்பாலாரின் வாக்கைப் பறித்தன. 1952ஆம் ஆண்டுத் தேர்தலின் பின் அவர்களால் தெரிவு செய்யப்பட்ட குரல் சபையிலே இல்லை. நாட்டின் இலவச மருத்துவம் ஊர்தோறும் விரிந்த காலம் அது. தோட்டத்து மருத்துவமோ தோட்ட நிருவாகத்தின் பொறுப்பிலேயே தனித்து நின்றது. ஊர்ப் பெண் அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்லும்போது, தோட்டத்துப் பெண் டிஸ்பென்சரி வாசலிலே துண்டுக்காகக் காத்திருந்தாள். மருத்துவத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத சட்டங்கள் மருத்துவத்தின் கதவையே அடைத்துவிட்டன.

1972, 1975 ஆகிய ஆண்டுகளிலே நிலங்கள் அரசுடைமையாயின. 1977இலே தொண்டமான் மீண்டும் மக்கள் வாக்கினால் பாராளுமன்றம் சென்றார். 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் நாடற்றோர் பிரசைகளாயினர். 1992இலே தோட்ட நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. 2017இலே டிக்கோயாவிலே, இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 150 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரி திறந்துவைக்கப்பட்டது. தோட்ட வைத்திய நிலையங்கள் சில அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்துள்ளன. ஏனையவற்றையும் ஏற்க வேண்டுமென்ற கோரிக்கை நீண்ட நாளாக எழுந்தவண்ணம் இருக்கின்றது. அது நிறைவேறும் நாளிலும் பழைய வினாக்களே எழும். பணம் யார் கொடுப்பது? நிருவாகம் யாரிடம்? தவறு நேர்ந்தால் முறையிடுவது எங்கே?

நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என மருத்துவத்துக்கு நான்கு கூறுகளை வள்ளுவப் பெருந்தகை வகுத்தார். அந்நான்கிலே அவர் முதலில் வைத்தது நோயுற்றவனை. 1872இன் சபையிலே பணம் கொடுப்பவர் இருந்தார். நிருவாகம் செய்பவர் இருந்தார். அரசாங்க வைத்தியரின் அறிக்கைகூட வந்து சேர முடிந்தது. முதலாமவனுக்கு மட்டுமே ஆசனம் இல்லை. இன்று அவனுக்கு வாக்கு உண்டு. ஆகவே, மருத்துவத்தைப் பற்றிய மசோதா நிறைவேறிவிட்டது என்ற செய்தி கேட்டு மகிழ்வதோடு நின்றுவிடாமல், அதிலே எந்த வாசகத்தை விட்டுக்கொடுத்து நிறைவேற்றினீர்கள் என்று நம் பிரதிநிதிகளிடம் கேட்கப் பழகுவோமாக. மாணவருக்கு மூன்று வாசிப்புகளையும் கற்பிக்கின்ற நாம், இந்த நான்காம் வாசிப்பையும் கற்பித்தல் கடனாகும்.