சோபாக் கடையும் ஒரு சின்னச் சீட்டும்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "டோக்கியோவில் பெரிய பெரிய ப்ராஜெக்ட் எல்லாம் பண்ணியிருப்பீங்க, அதில் ஒன்றைப் பற்றிப் பேசுங்க" என்றார். பெரிய ப்ராஜெக்டில் நான் நூறு பேரில் ஒருவன். நானே தனியாகச் செய்து, தனியாகத் தப்பும் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான். அதைச் சொல்கிறேன்.

டோக்கியோவின் எடோகாவா வட்டத்தில் நிஷி-கசாய் என்று ஓர் இடம். நம் நாட்டுக் குடும்பங்கள் நிறைய வாழும் பகுதி. அங்கே என் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சோபாக் கடை. சோபா என்பது பக்வீட் மாவில் செய்யும் நூடுல்ஸ். 8 பங்கு சோபா மாவு, 2 பங்கு கோதுமை மாவு என்று பிசைந்து, மெல்லிசாக வெட்டுவார்கள். கடைக்காரருக்கு எழுபது வயதை நெருங்கியிருந்தது. எல்லோரும் 'தாய்ஷோ' என்பார்கள், நம் ஊரில் முதலாளி என்பது போல. அவர் மனைவி 'ஒகாமி-சான்'. மொத்தம் பன்னிரண்டு நாற்காலி. அவ்வளவுதான் கடை.

2020 ஏப்ரல் 7-ஆம் தேதி ஜப்பான் அரசு கொரோனாவுக்காக டோக்கியோ உட்பட ஏழு இடங்களில் அவசரநிலை அறிவித்தது. பன்னிரண்டு நாற்காலியும் காலி. ஒரு டெலிவரி நிறுவனத்தைக் கேட்டார்கள். 100 யென்னுக்கு விற்றால் சுமார் 35 யென் கமிஷன் என்றார்கள். தாய்ஷோ கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "கடையை மூடினால் இதைவிட நஷ்டம் குறைவு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போக எனக்கு மனசு வரவில்லை. "நான் ஒரு ஆர்டர் பக்கம் எழுதித் தரேன்" என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர்களுக்குப் புதிதல்ல. 'தெமாயே' என்று பல காலப் பழக்கம். இளவயதில் தாய்ஷோ தட்டுகளைத் தோளில் அடுக்கிக்கொண்டு, ஒரு கையால் சைக்கிள் ஓட்டியவராம். 1958-இல் வந்த ஹோண்டா சூப்பர் கப் வண்டியில் கிளட்ச் லீவரே கிடையாது. சோபாக் கடைப் பையன் ஒரு கையில் சாப்பாட்டைப் பிடித்துக்கொண்டே ஓட்ட வேண்டும் என்றுதான் அப்படி வடிவமைத்தார்கள். மெக்கானிக்கல் தம்பிகள் குறித்துக்கொள்ளுங்கள்!

ஆர்டர் பக்கத்தை எழுத எனக்கு நான்கு இரவுதான் பிடித்தது. கஷ்டம் எல்லாம் அதற்கு வெளியே இருந்தது. முதலில் வரி. 2019 அக்டோபர் 1 முதல் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டால் 10 சதவீதம், வீட்டுக்கு எடுத்துப் போனால் 8 சதவீதம். ஒரே 1,000 யென் சோபா, உள்ளே 1,100, வெளியே 1,080. ஒரே பொருளுக்கு இரண்டு விலை வைத்தேன்.

அடுத்தது சாப்பாடே. பத்து நிமிஷம், இருபது நிமிஷம், முப்பது நிமிஷம் என்று வைத்திருந்து தின்று பார்த்தோம். சாற்றில் மீன் சேர்வதால் என் மனைவி தொட மாட்டாள், சோதனை முழுக்க என் தலையில்! இருபதில் நூல் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தது, முப்பதில் ஒரே கட்டி. ஆகவே கால் மணி நேரத்தில் போய்ச் சேரும் தூரம் மட்டும் என்று முடிவு. நூடுல்ஸ் தனி, சாறு தனி, தெம்புரா தனி. மூடி வைத்தால் தெம்புரா தன் ஆவியிலேயே நமத்துப் போகும், அதனால் அந்தப் பெட்டிக்கு மட்டும் ஓட்டை போட்ட மூடி. சோபா வெந்த தண்ணீரையும் ஒரு கோப்பையில் அனுப்ப வேண்டும் என்று தாய்ஷோ பிடிவாதம். மிச்சச் சாற்றில் அதைக் கலந்து குடித்தால்தான் சாப்பாடு முடிந்த மாதிரியாம்.

அடுப்படியில் திரை வைக்கக் கூடாது, மாவுக் கையால் தொட முடியாது என்றார். அதனால் ஆர்டர் வந்ததும் சின்னச் சீட்டு அச்சாகிற மாதிரி செய்தேன். ஒகாமி-சான் ஒவ்வொரு சீட்டுக்கும் வாடிக்கையாளரைப் போனில் கூப்பிட்டுச் சரிபார்ப்பார். "இனிமேல் இது வேண்டாம் அம்மா, எல்லாம் சீட்டிலேயே இருக்கு, நேரம்தான் வீண்" என்றேன். அவர் தலையாட்டினார். ஆனால் பழக்கத்தை விடவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு மழை நாள். ஒரு வீட்டிலிருந்து இரண்டு சோபா, ஒரு உடோன். உடோன் என்பது கோதுமை நூடுல்ஸ். ஒகாமி-சான் போன் செய்தார். அந்தத் தாய், "உடோன் குழந்தைக்கு. அவனுக்குச் சோபா அலர்ஜி, அதான் எழுதியிருந்தேனே" என்றாராம். சீட்டில் அப்படி ஒன்றும் இல்லை.

நண்பர்களே, சோபா அலர்ஜி லேசான விஷயம் இல்லை. மூச்சே நின்றுபோகலாம். பொட்டலத்தில் விற்கும் உணவில் சோபா சேர்ந்திருந்தால் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்று ஜப்பானில் சட்டமே உண்டு. இந்தக் கடையிலோ சோபாவுக்கும் உடோனுக்கும் ஒரே பானை, ஒரே தண்ணீர். ஒகாமி-சான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அந்த உடோனை அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்.

அன்று ராத்திரி என் ப்ரோகிராமைத் திறந்து பார்த்தேன். குறிப்புப் பகுதியில் முதல் வரியை மட்டும்தான் அச்சடித்திருந்தேன். ஒரு வரிக்குப் பதினாறு ஜப்பானிய எழுத்து. அந்தத் தாய் முதலில் "மணி அடிக்க வேண்டாம்" என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் அலர்ஜியை எழுதியிருந்தார். நான் சோதனை செய்தபோது போட்ட குறிப்பெல்லாம் நாலே எழுத்து. பாஸ் ஆகிவிட்டது!

மறுநாள் காலை போய் நடந்ததைச் சொல்லித் தலைகுனிந்து நின்றேன். தாய்ஷோ கோபப்படவில்லை. "ஒரே பானை என்று நானும் உங்களிடம் சொல்லவில்லையே, தப்பு இரண்டு பேருடையதும்தான்" என்றார். ஒகாமி-சான் மட்டும் மெதுவாக, "சீட்டில் இல்லாததைக் கேட்கத்தான் போன் பண்றேன்" என்றார்.

குறிப்பு முழுவதும் அச்சாகும்படி மாற்றினேன். ஒரே பானை விஷயத்தைப் பெரிய எழுத்தில் மெனுவுக்கு மேலேயே போட்டு, அதைப் படித்து டிக் செய்தால்தான் ஆர்டர் போகும் என்று வைத்தேன். பானை தாங்கும் அளவுக்கு, கால் மணிக்கு நான்கு ஆர்டர் என்று வரம்பும் கட்டினேன். டிசம்பர் 31 இரவு சோபா சாப்பிட்டு ஆண்டைக் கடப்பது அங்கே வழக்கம். 2020-இன் அந்த இரவிலும் வரம்பு நின்றது, பானையும் தாங்கியது. போன் மட்டும் அப்படியே இருந்தது. அதை எடுத்துவிடச் சொல்ல எனக்கு இனி வாய் வராது.

மாணவத் தம்பி தங்கைகளே, நீங்களும் நாளைக்கு ஒரு கடைக்கோ ஆபீசுக்கோ ஆஸ்பத்திரிக்கோ ப்ரோகிராம் எழுதப் போவீர்கள். அங்கே வயதான ஒருவர், தேவையில்லாததுபோலத் தெரியும் ஒரு வேலையைத் தினமும் செய்துகொண்டிருப்பார். அதை எடுத்துவிடுவதற்கு முன்னால், எதற்காகச் செய்கிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. அந்தக் குழந்தை பிழைத்தது ஒகாமி-சான் என் பேச்சைக் கேட்காததால்தான்.