கலப்பது வேறு, இணைவது வேறு

(குன்னூர் வட்டார அறிவியல் ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரை)



இளகும் நெகிழியைச் சூடாக்கினால் இளகும், ஆறினால் இறுகும், மீண்டும் வார்க்கலாம் என்று வகுப்பில் சொல்கிறோம். உடனே ஒரு மாணவர் கேட்பார்: "அப்போ எல்லா பிளாஸ்டிக்கையும் ஒண்ணாப் போட்டு உருக்கி வாளி செஞ்சிடலாமே சார்?" அந்தக் கேள்வியை நாம் விட்டுவிடக் கூடாது.

நம் மலையையே பாருங்கள். தேயிலை நாற்றுப் பை பாலித்தீன். உரச் சாக்கு பாலிபுரோப்பிலீன். தண்ணீர் பாட்டில் பெட். பளபளக்கும் தேயிலைப் பொட்டலங்கள் பலவற்றில் பாலியெஸ்டர், அலுமினியம், பாலித்தீன் என்று அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும். 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்குத் தடை உள்ளது. நீலகிரியில் அதற்கு முன்பே கட்டுப்பாடு வந்துவிட்டது. ஆனாலும் நாற்றுப் பையும் உரச் சாக்கும் பால் உறையும் நம்மோடுதான் இருக்கின்றன.

இவற்றைச் சேர்த்து உருக்கினால் என்ன ஆகும்? பாலித்தீன் சுமார் 110 முதல் 130 டிகிரி செல்சியசில் உருகும். பாலிபுரோப்பிலீனுக்கு 160-க்கு மேல் வேண்டும். பெட்டுக்கு 250 வேண்டும். வெப்பநிலையைச் சரிசெய்தாலும் சிக்கல் தீராது. சர்க்கரை போன்ற சிறு மூலக்கூறுகள் தண்ணீரில் எளிதாகப் பரவிவிடும். பலபடிகளோ மிக நீண்ட சங்கிலிகள். கலப்பதால் அவற்றுக்குக் கிடைக்கும் ஒழுங்கின்மை மிகக் குறைவு. அதனால் சிறு ஒவ்வாமை இருந்தாலே பிரிந்து நிற்கும். பாலித்தீன், பாலிபுரோப்பிலீன் இரண்டிலும் இருப்பது கார்பனும் ஹைட்ரஜனும்தான். அவைகூட ஒன்றுக்குள் ஒன்று துளித்துளியாக உறைகின்றன. துளியின் எல்லையில் பிடிப்பு இல்லை. வளைத்தால் அங்கேதான் முறியும்.

இதற்கு விடை 'இணக்கமூட்டி'. வகுப்பில் காட்டுவது எளிது. ஒரு குப்பியில் தண்ணீரும் தேங்காய் எண்ணெயும் ஊற்றிக் குலுக்குங்கள். சற்று நேரத்தில் பிரியும். சோப்புக் கரைசல் சேர்த்துக் குலுக்கினால் எண்ணெய் சிறு துளிகளாகத் தங்கும். சோப்பின் ஒரு முனை எண்ணெயையும் மறுமுனை நீரையும் பிடிக்கிறது. நைலானையும் பாலித்தீனையும் கலக்கும்போது, மலேயிக் நீரிலி பொருத்திய பாலித்தீன் இந்த வேலையைச் செய்கிறது: நீரிலிப் பகுதி நைலானின் அமீன் முனையோடு வினைபுரிகிறது, மீதிச் சங்கிலி பாலித்தீனுக்குள் பின்னிக்கொள்கிறது. 2017-இல் அமெரிக்காவின் கார்னெல், மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பாலித்தீன் துண்டும் பாலிபுரோப்பிலீன் துண்டும் மாறிமாறி அமைந்த சங்கிலியை உருவாக்கினர். அதைச் சிறிதளவு சேர்த்ததும், எளிதில் முறியும் கலவை உறுதியானதாக மாறியது.

நம் மதுரையிலும் ஒரு பிணைப்பு நடந்தது. தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் இரா. வாசுதேவன், சூடான ஜல்லியின் மேல் நெகிழித் துண்டுகளை இளக்கிப் பூசி, அதன்மேல் தாரைக் கலந்தார். கல்லுக்கும் தாருக்கும் நடுவே நெகிழி பிடிப்பைத் தந்தது. அங்கும் பி.வி.சி.யை ஒதுக்கியாக வேண்டும்; சூட்டில் அது நச்சு வாயுவை விடும்.

ஆசிரிய நண்பர்களே, இங்கேதான் நம் வேலை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே இணக்கமூட்டி கிடையாது. எது எதோடு கலந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் உரியதைத் தேர்ந்தெடுக்க முடியும். எனவே மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டு கூடைகளோடு நிறுத்த வேண்டாம். பால் உறை, சாக்கு இழை, தண்ணீர் பாட்டில் ஆகியவற்றின் துண்டுகளைத் தண்ணீரில் அமிழ்த்தி, ஒட்டிய காற்றுக் குமிழிகளை நீக்கிவிட்டு விடச் சொல்லுங்கள். முதல் இரண்டும் மிதக்கும், பெட் மூழ்கும். அடர்த்திப் பாடமும் முடிந்தது, தரம் பிரித்தலும் தொடங்கிவிட்டது. எரித்துக் காட்டும் சோதனை மட்டும் வேண்டாம்.

பிரிக்காத மூட்டையை வாங்க ஆள் இல்லை. அது மலைப்பாதையில் கீழே இறங்காது. ஓடையில் கிடக்கும், கடமானின் வயிற்றுக்குள் போகும். சேர்ப்பதற்கான வேதியியலைப் பிரிப்பதிலிருந்து தொடங்குவோம்.