மலாயாவில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பம்



பிறநாடு சென்று பொருளீட்டுதல் ஒன்று. பிறநாட்டில் வாழ்தல் வேறொன்று. முன்னையதற்குக் கல்வியும் முயற்சியும் போதும். பின்னையதற்கு அடுப்பும் அயலும் வேண்டும். மலாயாவிற் குடியேறிய யாழ்ப்பாணத்தவரின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

மலாயாவின் முதலாவது புகையிரதப் பாதை 1885ஆம் ஆண்டு யூன் மாதத்தில், தைப்பிங்குக்கும் போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கும் இடையே திறக்கப்பட்டது. அதன் நீளம் எட்டு மைல் அளவே. அடுத்த ஆண்டிற் கோலாலம்பூரிலும் புகைவண்டி ஓடத் தொடங்கிற்று. நிலைய அதிபராகவும் எழுதுவினைஞராகவும் பணியாற்ற ஆங்கிலங் கற்றோர் வேண்டப்பட்டனர். 1816ஆம் ஆண்டு முதல் தொண்டாற்றிய அமெரிக்க மிசனரிமாரின் பள்ளிகளாலும், பின்னர் எழுந்த சைவப் பாடசாலைகளாலும், யாழ்ப்பாணத்தில் அத்தகையோர் மிகுந்திருந்தனர். அவர்களுக்கேற்ற உத்தியோகங்களோ ஊரிற் குறைவு. ஆகவே இளைஞர் பலர் கப்பலேறினர். முதலில் ஆண்கள் தனியே சென்றனர். பின்னர் விடுமுறையில் ஊர் வந்து மணஞ்செய்து, மனைவியரையும் அழைத்துச் சென்றனர்.

அத்தகைய குடும்பமொன்று 1930ஆம் ஆண்டளவிற் கோலாலம்பூரின் பிறிக்பீல்ட்ஸ் பகுதியில், புகையிரத விடுதியொன்றில் வாழ்ந்ததாக எண்ணிப் பாருங்கள். இல்லத்தலைவர் அங்கு புதிதாகக் கற்கவேண்டியது அதிகமில்லை. அலுவலகத்தில் அவர் அறிந்த ஆங்கிலமே வழங்கியது. பக்கத்து மேசையிலும் ஊரவர் ஒருவர் இருந்தார். உண்மையான மாற்றத்தை எதிர்கொண்டவள் இல்லத்தலைவியே.

ஊரிலே வேலிக்கு அப்பால் மாமியும் மச்சாளும் இருந்தனர். இங்கே சுவருக்கு அப்பால் வேற்றுமொழி கேட்டது. ஊரிலே மழைக்கு ஒரு பருவம் உண்டு. இங்கே காலையில் வடகமும் மோர்மிளகாயும் காயவைத்தால், எந்த மாதமாயினும் பிற்பகலில் மழை வந்துவிடலாம். ஒடியல்மாவும் பனாட்டும் ஊரிலிருந்து வருவோரின் பெட்டியில் வந்தாற்றான் உண்டு. தெருவிற் கூவிவரும் சீன மரக்கறிக்காரனிடம் பேசுவதற்குச் சந்தை மலாய் தெரியவேண்டும். “பெராப்பா?”, அதாவது “என்ன விலை?” என்பதே அவள் கற்ற முதற்சொல். மலாய்ப் பெண்ணொருத்தி வழியில் அவளைக் கண்டு “சூடா மாக்கான்?” என்று கேட்டபொழுது அவள் வியப்புற்றாள். ஊரிலே படலையில் நிற்போர் கேட்கும் “சாப்பிட்டாச்சோ?” என்பதுதான் அது. அன்றிலிருந்து அவளது அச்சம் பாதியாகக் குறைந்தது.

வெள்ளிக்கிழமைகளில், யாழ்ப்பாணத்தவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கந்தசுவாமி கோயிலுக்குச் சென்றாள். அங்கு ஊர்ச்செய்தி கிடைத்தது. பிள்ளைப்பேற்றுக்கு உதவ ஒரு மூதாட்டியும் கிடைத்தார். உறவினர் இல்லாத இடத்தில் அயலவரே உறவினராயினர்.

எனினும் அக்குடும்பத்தின் மனம் மலாயாவில் ஊன்றவில்லை. மாதந்தோறும் காசுக்கட்டளை ஊருக்குப் போயிற்று. அது தங்கைக்குச் சீதனமாயிற்று, வளவாயிற்று, கல்வீடாயிற்று. பென்சன் எடுத்ததும் ஊருக்குப் போகவேண்டும் என்பதே வீட்டின் நித்தியப் பேச்சு. நல்ல மேசை வாங்குவதற்கும் தயக்கம். முற்றத்தில் மரம் நடுவதற்கும் தயக்கம். விட்டுச் செல்லப்போகும் மண்ணில் எவர் மாங்கன்று நடுவார்?

1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் திகதி யப்பானியப் படை கோத்தாபாருவில் இறங்கியது. அடுத்த யனவரி 11ஆம் திகதி கோலாலம்பூர் வீழ்ந்தது. கடிதம் நின்றது, காசுக்கட்டளையும் நின்றது. பர்மாவிலிருந்தும் சீயத்திலிருந்தும் வந்த அரிசி அருகிற்று. கடிகாரங்கள் தோக்கியோ நேரத்துக்கு மாற்றப்பட்டன; பிள்ளைகள் பள்ளியில் யப்பானிய மொழி கற்றனர். வாழைமரம் பொறித்த நோட்டுகள் நாளுக்குநாள் மதிப்பிழந்தன. சீயம்–பர்மா புகையிரதப் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் மாண்டனர். வளர்ந்த ஆண்பிள்ளையுள்ள வீடுகளில் இரவில் உறக்கமில்லை.

அக்காலத்திலேதான் இல்லத்தலைவி முற்றத்தைக் கொத்தினாள். பூச்செடி நின்ற இடத்தில் மரவள்ளி நட்டாள். வேலியோரத்தில் முருங்கைக் கிளை ஊன்றினாள். மலாய்ப் பெண் கிழங்குத் தடி தந்தாள். சீனக் குடும்பம் கீரைவிதை தந்தது. மாற்றாக இவள் முருங்கையிலை கொடுத்தாள். பத்தாண்டு அடுத்தடுத்து வாழ்ந்தும் ஏற்படாத நெருக்கத்தை, மூன்றரை ஆண்டுப் பசி ஏற்படுத்திற்று. ஊரிற் கட்டிய கல்வீடு அவ்வாண்டுகளில் அவர்களுக்கு ஒரு பிடி சோறும் தரவில்லை. தயங்கித் தயங்கி மிதித்த மண்ணே உணவளித்தது.

1945இல் யுத்தம் முடிந்தது. தலைவர் பென்சன் பெற்றார். இனி ஊருக்குப் புறப்படலாம். ஆயின் பிள்ளைகளோ அங்கே பிறந்தவர்கள். ஊர் அவர்களுக்குக் கதையாகவே தெரியும். இத்தகைய குடும்பங்களிற் சில முழுமையாக ஊர் திரும்பின. சிலவற்றிற் பெற்றோர் திரும்பப் பிள்ளைகள் தங்கினர். யாழ்ப்பாணக் கிராமங்களில் “மலாயன் பென்சனியர்” என அழைக்கப்பட்ட முதியோரின் வீடுகள் பெரியவை. அவற்றுட் பலவற்றிற் பிள்ளைகளின் குரல் இல்லை. 1957ஆம் ஆண்டு ஓகத்து 31ஆம் திகதி மலாயா சுதந்திரமடைந்தபோது, தங்கியோர் அந்நாட்டையே தம் நாடாகக் கொண்டனர். அவர்தம் பேரப்பிள்ளைகளிற் பலருக்குத் தமிழ் எழுத்து இன்று தெரியாது. அவ்விழப்பை மறைத்தல் தகாது.

1983ஆம் ஆண்டின் பின்னர் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் கனடாவிலும் நோர்வேயிலும் சுவிற்சர்லாந்திலும் பெருந்தொகையாகக் குடியேறின. அவை பொருள்நாடி மட்டும் சென்றவையல்ல, உயிர்காக்கச் சென்றவை. எனினும் நாளாந்த வாழ்வின் வினா ஒன்றே. ஊரிலிருந்து அவர்களுடன் பேசுவோர், எவ்வளவு பணம் அனுப்புவீர் என்று கேட்பதற்கு முன், பக்கத்து வீட்டார் யாவர், பிள்ளைகள் எம்மொழியில் விளையாடுகின்றனர், சாளரத்தருகே என்ன செடி வளர்கின்றது என்று கேட்பாராக. அங்கே வேரூன்றுதல் ஊரை மறத்தல் ஆகாது. மலாயாவில் அத்தாய் ஊன்றிய முருங்கை, ஊரின் முருங்கையேயன்றோ?